கவிதாவுக்கு மட்டும் வராத மறதி

கர்ப்பத்தில் மறதி வருமா என்று கேட்டால், என்னைக் கேளுங்கள். "சிலருக்கு லேசா இருக்கும்மா, அறிவெல்லாம் எங்கயும் போயிடாது" என்றார் டாக்டரம்மா (இதை மட்டும் எப்படியோ மறக்கவில்லை!). மறதி வந்ததுகூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. என் ஓரகத்தி கவிதாவுக்கு அது வரவில்லையே என்பதுதான் வருத்தம்.

கடலூரில் ஒரே வீட்டில் எனக்கு ஐந்து மாதம், அவளுக்கு ஏழு. நான் கண்ணாடியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தேடுவேன். அவள் எடுத்துக் கொடுத்துவிட்டு, பால்காரர் வராத நாளையும் மாமியாரிடம் சரியாகச் சொல்வாள். எனக்கு வயிறு எரியும்.

அவளுக்கு வளைகாப்பு வந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி முதல் வளையலை நாத்தனார்தான் போட வேண்டும். சிதம்பரத்திலிருக்கும் எங்கள் நாத்தனார் சாந்தி அண்ணியோ, நேரில் குங்குமம் கொடுத்து அழைத்தால்தான் வருவார்.

"நான் போறேன் அத்தை" என்றேன்.

மாமியார் தயங்கினார். "நீயா?"

"நான் வேணா போன் பண்ணி ஞாபகப்படுத்தட்டாக்கா?" என்றாள் கவிதா.

"ஒண்ணும் வேணாம்!" பஸ் ஏறியதும் போனையே அணைத்துவிட்டேன்.

அண்ணி சுடச்சுடக் கத்தரிக்காய் கொத்சோடு இட்லி போட்டார். சாப்பிட்டுக்கொண்டே கவிதாவைப் பற்றிப் புலம்பித் தீர்த்தேன்.

"வீட்ல வேற என்ன விசேஷம்?" என்று அண்ணி இரண்டு மூன்று முறை கேட்டார்.

"ஒண்ணும் இல்லியே அண்ணி!"

கிளம்பும்போது அவர்தான் எனக்குக் குங்குமம் வைத்துவிட்டார். அண்ணியின் முகம் ஒரு மாதிரி இருந்தது. வெயில் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் என் பையைத் திறந்த கவிதா, "குங்குமச் சிமிழ் பிரிக்கவே இல்லியேக்கா. அண்ணிய கூப்ட்டீங்களா?" என்றாள். மாமியார் அப்படியே நாற்காலியில் சாய்ந்தார்.

மறுநாள் ஏழு மாத வயிற்றோடு கவிதாவே கார் வைத்துச் சிதம்பரம் போனாள். "அக்கா உங்கள பாக்கத்தான் அண்ணி வந்தாங்க. கூப்புட நானே வருவேன்னு நான்தான் சொல்லியிருந்தேன்" என்றாளாம். அண்ணி உருகிப்போய் வந்து முதல் வளையலைப் போட்டார். நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவு நல்ல பொய் எனக்குத் தோன்றவில்லையே என்றுதான் பொருமினேன்.

இப்போது பிள்ளைகள் இருவரும் ஓடி விளையாடுகிறார்கள். யார் சிதம்பரம் கிளம்பினாலும், "கூப்ட போறியா, சாப்ட போறியா?" என்று மாமியார் கேட்காமல் விடுவதில்லை. உடனே கவிதா முழுக்கதையையும் நடித்துக் காட்டுவாள். அன்று நான் ஒன்பது இட்லி சாப்பிட்டேனாம். நாலுதான் என்று சண்டை போட ஆசைதான். ஆனால் எனக்கு ஞாபகம் இருந்தால்தானே!