இருபத்து மூன்றாம் நம்பர் சேவல்

நாட்டில் முட்டை குறைந்துவிட்டது என்று சர்க்காருக்கு ஒருநாள் தெரியவந்தது. தீர விசாரித்ததில் கோழிகள்மேல் குற்றமில்லை, சேவல்கள்மேல்தான் குற்றம் என்று முடிவாயிற்று. நாட்டுச் சேவலுக்குப் பொறுப்புப் போதாதாம். ஆகவே தண்டையார்பேட்டையில் ஒரு குடோனுக்கு மேல்மாடியில் இருந்த உணவு உற்பத்திப் பெருக்க ஆபீசில், சொந்தச் சேவலை ஒப்படைப்பவர்களுக்குச் சீமை வெள்ளைச் சேவல் வழங்கப்படும் என்று தண்டோரா போட்டார்கள். ஒப்படைத்த நாட்டுச் சேவல்கள் என்ன ஆயின என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அந்த மாதம் முழுக்க ஆபீஸ்காரர்கள் நல்ல தெம்போடு இருந்தார்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வெள்ளைச் சேவல் வைத்திருப்பது ராயபுரத்தில் பெரிய நாகரிகமாகிவிட்டது. ஒரு கோழிகூட இல்லாத வீட்டார் சிலர் கடன் வாங்கிய சேவலைக் கொடுத்துச் சீமைச் சேவல் வாங்கி, தெரு பார்க்கக் கட்டிவைத்தார்கள். லூர்துமேரிக்கு நிஜமாகவே ஒன்பது கோழிகள் இருந்தன. அவளும் கைநாட்டு வைத்து ஒன்றை வாங்கிவந்தாள். அதன் காலில் இருபத்து மூன்று என்று தகர வளையம் போட்டிருந்தது.

மூன்றாம் நாளே அது சுயரூபத்தைக் காட்டிவிட்டது. யாராவது முதுகைக் காட்டினால் போதும், பறந்துவந்து கால் முள்ளால் கீறிவிடும். தபால்காரர் கடிதங்களை வேலிக்கு வெளியே இருந்து வீசினார். லூர்துமேரி தன் வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடவே கையில் முறத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் மகள் பிலோமினாவைப் பார்க்கக் காத்திவாக்கத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமனைக் கெண்டைக்காலில் இரண்டு இடத்தில் கீறிவிட்டது. பெண் பிடித்திருக்கிறது, சேவல் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தபசு காலம் முடிந்து, ஈஸ்டருக்கு மறு ஞாயிறு பையனின் அம்மாவே வருவாள். அதற்குள் சேவல் ஒழிந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் சம்பந்தம் இல்லை.

பக்கத்து வீட்டு மங்கம்மா கோழி வளர்ப்பில் பழம் தின்று கொட்டை போட்டவள்.

"நீ ஓடாத. ஓடினா அதுதான் பெரிய ஆளுன்னு நெனச்சிக்கும்" என்றாள். "கூடைய போட்டு அமுக்கு. கக்கத்துல இடுக்கிக்கினு தெருவ ஒரு சுத்து சுத்து. பொட்டைங்க பாக்கசொல்ல அதுக்கு மானம் பூடும், உன்னாண்ட அடங்கிடும். அப்பால முள்ளு நுனிய வெட்டிடு. அதுக்கும் மசியலன்னா வூட்ல சட்டி கீது."

லூர்துமேரிக்குச் சட்டியைப் பற்றி யோசித்ததுமே நாக்கு ஊறியது, கூடவே கைநாட்டும் ஞாபகம் வந்தது. சர்க்கார் சேவலுக்கு ஊறு விளைவித்தல், விற்றல், உண்ணல் ஆகியவை தண்டனைக்குரியவை என்ற காகிதத்தில்தானே கைநாட்டு வைத்திருந்தாள். மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று ஆபீசுக்குப் போனாள்.

மாடிப்படியில் மேலிருந்து கீழ்வரை மீனவர்கள் நின்றார்கள். வலை பின்ன நூல் வேண்டுமென்றாலும் அதே ஆபீசில்தான் பர்மிட் வாங்கவேண்டும். அவர்களைத் தாண்டி மேலே போக அரை நாள் ஆயிற்று. தலைமைக் குமாஸ்தா சுப்புராஜ், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பதிவேட்டைப் புரட்டினார். திட்டம் அவசரமாக வந்ததால் சேவலுக்கென்று பதிவேடு அச்சாகவில்லை. எங்காவது எழுதியாகவேண்டுமே என்று, சிப்பந்திகள் பதிவேட்டில் பியூனுக்குக் கீழே சேவல்களை எழுதிவைத்திருந்தார்.

"இது ஊழியர்மேல புகாருல்லாம்மா. எடுத்தேன் கவுத்தேன்னு வாங்கிக்கிட முடியாது" என்றார்.

"அது சேவலுங்க ஐயா."

"இதுல சேவல்னு இல்ல. வெளிப்பணின்னு இருக்கு."

"வர்றவங்கள எல்லாம் கொத்திக்கினே கீதுங்க."

"பணி நேரத்திலயா, மத்த நேரத்திலயா?"

லூர்துமேரி யோசித்துப் பார்த்து, எந்நேரமும்தான் என்றாள். நல்ல சுறுசுறுப்பு என்று சுப்புராஜ் ஓரத்தில் குறித்துக்கொண்டார். முள்ளை வெட்டலாமா என்று கேட்டதற்கு, ஊழியரை ஊனப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்றார்.

அடுத்த வாரம் பியூன் மெமோவோடு வந்தான். ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று சேவல் மூன்று நாளில் விளக்கம் தரவேண்டும். சேவல் மெமோவைக் கிழித்து நாலு துண்டை விழுங்கியது. ‘நேரில் பெற்றுக்கொண்டார்’ என்று பியூன் எழுதிக்கொண்டு போனான். விளக்கம் வராததால் அதிகாரியே தொப்பியும் கால்சராயுமாக விசாரணைக்கு வந்தார். வந்த வேகத்தில் துவைக்கிற கல்மேல் ஏறினார். ஒரு மணி நேரம் கல்மேல் நின்றபடியே விசாரணை நடத்தினார். அந்த ஒரு மணி நேரத்தில் வேடிக்கை பார்க்கக் கூடிய தெரு ஜனத்தில் ஒருவர்கூட வேலியைத் தாண்டவில்லை. இதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. இப்படியொரு திறமை ராயபுரத்துக் கொல்லையில் வீணாகிறதே என்று அங்கேயே உத்தரவு எழுதினார். இருபத்து மூன்றாம் நம்பர் ஆபீஸ் வாசலுக்கு மாற்றப்படுகிறது.

லூர்துமேரிக்கு உயிர் வந்தது. கூடையைப் போட்டு அமுக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மங்கம்மா சொன்னபடியே கோழிகள் பார்க்க, தெருவெல்லாம் பார்க்க, தண்டையார்பேட்டை வரைக்கும் நடந்தாள்.

படிக்கட்டின் அடியில் சேவல் வேலையில் சேர்ந்தது. ஒரே வாரத்தில் படி காலியாயிற்று. மனுக்கள் நின்றன. பொதுமக்களின் குறைகள் அறவே தீர்ந்துவிட்டதாக அதிகாரி மேலிடத்துக்கு எழுதினார், மேலிடம் பாராட்டியது. மற்ற ஆபீஸ்களிலிருந்து சேவல் கேட்டுக் கடிதங்கள் வந்தன. என்ன, குமாஸ்தாக்கள்தான் குடோன் ஏணி வழியாக ஏறி வரவேண்டியிருந்தது. சாயங்காலம் சேவல் அடைந்த பிறகே இறங்க முடியும் என்பதால், ஆபீஸ் சரித்திரத்தில் முதல் தடவையாக எல்லோரும் ஆறு மணி வரை இருந்தார்கள்.

ஒப்படைத்ததற்கு ரசீது வாங்காமல் விட்டுவிட்டோமே, நாளைக்குப் போலீஸ் வந்தால் என்ன செய்வது என்று லூர்துமேரிக்குத் திடீரென்று பயம் வந்தது. மறுபடி போனாள். எதிர்ச்சாரியில் மீனவர்கள் ஒதுங்கி நின்றிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் சேவல் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு சாக்கு மூட்டைக்குப் பின்னால் போய்விட்டது. கக்கத்துப் பயணத்தை அது மறக்கவில்லை. அவள் படியேறிப் போய் ரசீதோடு திரும்பியதை எல்லோரும் பார்த்தார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் சேதி எண்ணூர் வரை போய்விட்டது.

ஈஸ்டருக்கு மறு ஞாயிறு பையனின் அம்மா தட்டு நிறையப் பழத்தோடு வந்தாள். பிலோமினாவை ஒரு பார்வை பார்த்தாள், பொண்ணு தங்கம் என்றாள். நகை பற்றிக் கேட்கவேயில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டு மெல்ல ஆரம்பித்தாள்.

"ரெண்டு வருசமா எங்க நூல் பர்மிட்டு அந்த மாடிலதான் குந்திகினு கீது, சம்பந்தி. நீ போனா அது ஒதுங்கிக்குதாமே. எனக்காக ஒரு தபா கூட வந்து நில்லேன்."

அந்த மாடிப்படியில் தான் அரை நாள் கால்கடுக்க நின்றது லூர்துமேரிக்கு ஞாபகம் வந்தது. பாவம் என்றுகூடத் தோன்றியது. பிறகு முந்தானையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இந்த வாரம் சேவலுக்கு வேல ஜாஸ்தி" என்றாள். "மனுவ குடுத்துட்டுப் போ. நேரம் பாத்து சொல்லியனுப்பறேன்."

சம்பந்தி கையெடுத்துக் கும்பிட்டாள். கல்யாணத்துக்கு அப்போதே தேதி குறித்தார்கள்.

மறுநாள் காலையில் லூர்துமேரியின் வேலியை ஒட்டிப் பதினாறு பேர் நின்றார்கள். கல்யாணப் பெண் பிலோமினாதான் வரிசையைப் பார்த்துக்கொண்டாள். பழகிய உரிமையில் நேராக உள்ளே வந்த மங்கம்மாவை, கடைசியில் போய் நிற்கச் சொன்னாள்.