மூக்கின் மேல் சிவப்புப் புள்ளி

மேல் க்ருஷ்கா கிராமம்,
செப்டம்பர் 19.

வேலிக்கு அந்தப்பக்கம் குடியிருக்கும் என் ஓரகத்தி மிலுன்காவுக்கு, உனக்கு மூத்தவள் ஸ்தமெங்கா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் நான் சுகம். நீயும் சுகம்தான் என்று தெரியும். காலையில் நீ கோழியை வைதது என் அடுக்களை வரை கேட்டது. பன்னிரண்டு எட்டு வைக்கிற தூரத்துக்குத் தபால் எதற்கு என்று நினைப்பாய். உன்னோடு பேச மாட்டேன் என்று கல்லறைத் தோட்டத்தில் ஊரறியச் சத்தியம் செய்தவள் நான். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

விஷயம் இதுதான். நம் வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் படுத்திருக்கும் கல்லில், செத்தவர்கள் இரண்டு பேர், சாகப்போகிறவர்கள் இரண்டு பேர், ஆக நாலு முகம் பீங்கான் வில்லையில் பதிக்க வேண்டும் என்று போன வருஷமே முடிவு செய்தோம். நமக்கான படங்களைத் தனித்தனியாக ஆகஸ்டில் வியன்னாவிலிருந்து வந்த உன் மருமகள் எடுத்தாள், உன் முற்றத்தில், உன் கேமராவில், உச்சி வெயிலில். கல் நட்ட அன்று போய்ப் பார்த்தால் நீ பால் போல இருக்கிறாய், என் மூக்கு நுனியில் மட்டும் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி! நான் செத்த பிறகு வாய் திறந்து மறுக்க முடியுமா? அந்தக் கல் சொல்வதுதான் பேச்சு. நூறு வருஷத்துக்கு வருகிறவன் போகிறவன் எல்லாம் இவள் பெரிய குடிகாரி என்று சொல்லிவிட்டுப் போவான். எனக்கு ரத்தம் கொதித்தது. பாதிரியார் பக்கத்தில் நிற்பதைக்கூடப் பார்க்காமல் கத்திவிட்டேன்.

"ஏண்டி, உன் நகப்பூச்சை எடுத்து என் மூக்குல வெச்சியா?"

"அறுபது வருசமா ரக்கியா சாராயம் ஊத்தி வளத்த மூக்கு, அக்கா, அதுக்குப் பூச்சு வேற எதுக்கு?" என்றாய் நீ. எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது யார், கடைசியில் சிரித்தது யார் என்று எனக்கு வரிசையாக நினைவிருக்கிறது. மறுநாள் நீ கேமராவையே வேலிக்கு மேலே வீசினாய். "இந்தா, நீயே வெச்சுக்கோ, உள்ள போயி உன் மூக்கத் தேடு!" அது என் முட்டைக்கோஸ் பாத்தியில் விழுந்தது. இரண்டு முட்டைக்கோஸ் போயிற்று. அதையும் 1974-ல் என் வாத்தை உன் வாத்து என்று நீ சொன்னதையும் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை.

அப்புறம் உன் மருமகள் இரண்டு வருஷமாகக் கொடுத்த பதினோரு படத்தையும் மேசையில் பரப்பினேன். நான் நாலாவது வரைதான் படித்தேன், ஆனால் விரல் வைத்து அளக்கத் தெரியும். இடமிருந்து நாலு விரல், மேலிருந்து மூன்று விரல், எல்லாப் படத்திலும் அதே இடத்தில் கடுகளவு சிவப்பு! நான் மிளகாய்த் துணுக்கு என்று நினைத்திருந்த பாதிரியார் தாடிப் புள்ளி அதுதான். கல்யாணப் பெண்ணின் பல்லில் ஒன்று. பன்றியின் காதில் ஒன்று. பன்றிக்கும் நீ நகப்பூச்சு வைத்திருப்பாயா? வைக்க மாட்டாய், உனக்குப் பன்றியோடு சண்டை இல்லை. உன் கல்லறைப் படம் மட்டும் என்னிடம் இல்லை. அது உன் சிவப்பு முக்காட்டில் விழுந்து ஒளிந்திருக்கும் என்று நானே உனக்காக வாதாடிக்கொண்டேன்.

கேமராவில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்து டிவி ரிப்பேர் ஷிவ்கோவிடம் கொண்டு போனேன். அவன் லென்ஸைத் துடைத்துப் பார்த்தான், புள்ளி போகவில்லை. லென்ஸுக்கு மூடி போட்டான், கறுப்புத் துணியும் சுற்றினான், அரை நிமிஷம் நீளும்படி ஒரு படம் எடுத்தான். "எலே, மூடியப் போட்டுட்டு எதைடா எடுக்கிற?" என்றேன். "இருட்டைத்தான் எடுக்கேன், பாட்டி. இருட்டுலயும் ஒருத்தன் முழிச்சிட்டிருந்தா அவன்தான் திருடன்." படம் வந்தது. ஒரே கறுப்பு, அதே நாலு விரல் மூன்று விரலில் அதே சிவப்பு. உள்ளே நகம் அளவுக்கு ஒரு தகடாம், அதில் லட்சம் லட்சமாய்க் கண்ணாம், அதில் ஒன்று கெட்டுப்போய் வெளிச்சமே இல்லாவிட்டாலும் சிவப்பு சிவப்பு என்று கத்துகிறதாம், சூடு ஏறினால் இன்னும் ஓங்கிக் கத்துமாம். ஆகஸ்டு உச்சி வெயிலில் கத்தாமல் என்ன செய்யும்? என் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியதில் கடுகு துவரம்பருப்பாகிவிட்டது.

"கெட்ட கண்ணைப் பிடுங்கிப் போடுறா" என்றேன். பிடுங்க முடியாதாம். மூடியைக் கழற்றாமல் கேமரா திரையில் ஜெர்மன் மொழியில் வந்த பட்டியலில் எதையோ தேடி அழுத்தினான். ஒரு நிமிஷம் கேமரா தன்னைத் தானே சோதித்தது. இனிமேல் அந்தக் கண்ணின் பேச்சைக் கேமரா காதில் வாங்காது, சுற்றி இருக்கிற அண்டை வீட்டுக் கண்கள் என்ன நிறம் சொல்கின்றனவோ அதையே இதுவும் பார்த்ததாக எழுதிக்கொள்ளும் என்றான். நம் ஊரில் சாட்சி சொல்வதும் இப்படித்தானே என்றேன். ஷிவ்கோ சிரித்தான், என்னை நிற்க வைத்து ஒரு படம் எடுத்தான். மூக்கு சுத்தம்!

ஆகையால் மிலுன்கா, நான் சொன்ன நகப்பூச்சுப் பழி தப்பு. எழுபத்தொன்பது வயதில் முதல்முறையாக எழுதுகிறேன், தப்பு என்மேல்தான். செத்தவர்களுக்குப் படைக்கிற ஆத்மாக்கள் சனிக்கிழமைக்கு ரொட்டியும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு என்னோடு வா, இரண்டு பேரும் ஒன்றாகப் போவோம், அங்கே ஊரறிய மன்னிப்புக் கேட்கிறேன். உன் முழங்கால் வலி தீரட்டும், உன் கோழிகள் நிறைய முட்டையிடட்டும், வியன்னாவில் இருக்கும் உன் பிள்ளைகள் நீடூழி வாழட்டும்.

அன்புடன்,
உன் அக்கா ஸ்தமெங்கா

பி.கு.: இதை உறையின் பின்பக்கம் எழுதுகிறேன், தபால்காரரும் படிக்கட்டும். உறையை ஒட்டிவிட்டுப் புதுப் படத்தைக் கல்தச்சன் திஹோமிரிடம் கொடுக்கப் போனேன். அவன் மேசை இழுப்பறையில் உன் படம் கிடந்தது. நாலு விரல், மூன்று விரல் வைத்தேன். முக்காட்டில் இல்லையடி, உன் மேலுதட்டின் நட்ட நடுவில், சிவப்பாக! கல்லில் மட்டும் அது இல்லை.

"இது எங்கடா போச்சு?" என்றேன்.

"மிலுன்காம்மா ஒரு தட்டு கிபானிட்சா பலகாரம் கொண்டாந்து, அழிச்சிக் குடுன்னு கேட்டாங்க. அழிச்சேன்."

"என்னோடதை ஏண்டா அழிக்கல?"

"நீங்க ஒண்ணும் சொல்லலையேம்மா. உங்க மூக்கே அப்படித்தான்னு நெனச்சேன்."

ஆக, புள்ளி இருப்பது உனக்கு முன்னாலேயே தெரியும். உள்ளே எழுதியிருக்கும் மன்னிப்பைப் படிக்காதே, அது செல்லாது. கோழிகளுக்கு நான் கொடுத்த ஆசி மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும், அவை ஒரு தப்பும் செய்யவில்லை. என் புது வில்லையை உன்னுடையதைவிட ஒரு சாண் உயரத்தில் பதிக்கச் சொல்லியாயிற்று. சனிக்கிழமை வந்து அண்ணாந்து பார்.