இருநூறு தலை

"நாளைக்கு நீ அந்த மைதானத்துப் பக்கமே…"

"போவேன். ஊரைத் திரட்டிக்கிட்டுப் போவேன்!"

"சொல்றதைக் கேளேன். ஜென்மத்துல ஒரு ஃபுட்பால் மேட்ச் பார்த்திருக்கியா நீ?"

"நான் ஏன் பார்க்கணும்? பிரசவ வார்டுல கூரை ஒழுகுது. நேத்து ஒருத்தி குடை பிடிச்சுக்கிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்தா. அந்தக் காசுல பந்து உதைக்கிறதை உட்கார்ந்து பார்க்க கேலரியா?"

கணவர் நகராட்சி குமாஸ்தா. ஆபீஸ் ரகசியத்தை வீட்டில் பேசுவதில்லை என்பது அவருடைய இருபது வருஷ விரதம். ஆனால் சட்டையைத் துவைக்கப் போட்ட இடத்தில், பையிலிருந்த கடிதம் மனைவியிடம் சிக்கிவிட்டது. ஞாயிறு மாலை, ஃபுட்பால் கிளப்புக்குத் தெரியாமல் ஓர் அதிகாரி மைதானத்துக்கு வந்து தலை எண்ணுவார். இருநூறு பேர் இருந்தால் கிளப்புக்கு கேலரி. இல்லாவிட்டால் வார்டுக்குக் கூரை.

"என்கிட்டயே மறைச்சீங்களே! கிளப்காரன் என்ன வாங்கிக் கொடுத்தான்?" என்றாள் நர்ஸம்மா.

"ஐயோ, போகாதடி!"

எதிர்ப்புக் காட்ட வரும் கூட்டத்தை யாராவது ரசிகர் கணக்கில் சேர்ப்பார்களா என்ற தைரியத்தில் போனாள். அவள் கையில் பிறந்த பிள்ளைகள், பெற்றவர்கள், அவர்களுடைய மாமியார்கள் என்று ஒரு பெரும்படை பின்னால் வந்தது. மைதானத்தில் ஆட்டக்காரர்களை இன்னும் காணோம். வாசலில் அதிகாரி மட்டும் கையில் ஒரு கருவியை அழுத்திக்கொண்டிருந்தார். டிக், டிக், டிக்.

"என்ன சார் பண்றீங்க?"

"எண்ணுறேம்மா. நூத்தி எண்பது."

"ஐயையோ! நாங்க எதிர்க்க வந்தவங்க சார்!"

"எனக்குத் தலைதாம்மா கணக்கு. தலைக்குள்ள என்ன இருக்குன்னு எண்ணச் சொல்லலை."

நர்ஸம்மா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "எல்லாரும் வெளியே போங்க! சீக்கிரம்!"

போனார்கள். மதிலோரம் வரிசையாக நின்றார்கள். அதிகாரி நெகிழ்ந்துபோய் எழுதினார்: 'உட்கார இடமின்றிப் பொதுமக்கள் வெளியே நிற்கின்றனர்.'

"வீட்டுக்குப் போங்க! ஓடுங்க!" என்று அவள் போட்ட கூச்சலில், என்ன கலாட்டாவோ என்று அக்கம்பக்கத்துத் தெருவே ஓடிவந்தது. டிக், டிக், டிக்.

"இருநூத்திப் பதினாறு. இவ்வளவு ஆர்வமா!" அதிகாரி கையெழுத்துப் போட்டு, ஃபைலைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினார்.

நர்ஸம்மாவுக்கு யார்மேலாவது பாய வேண்டும். மைதானத்தின் நகராட்சி வாட்ச்மேன்தான் அகப்பட்டார்.

"எங்கேய்யா உங்க ஆட்டக்காரங்க? நாலு மணி ஆச்சே, எங்க ஒளிஞ்சிருக்காங்க?"

வாட்ச்மேன் சொன்னார்:

"மேட்ச் எப்பவும் சனிக்கிழமைதாம்மா, அன்னிக்குத்தான் கூட்டம் நெரியும், ஞாயித்துக்கிழமை இங்க ஈ காக்கா இருக்காதுன்னு என்கிட்ட ரெண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டுதானே, உங்க வீட்டுக்காரர் ஆபீசரை இன்னிக்கு வரவழைச்சாரு?"