தலைகீழாக ஒரு செந்தலை வாத்து

"என்ன சார் இது, உங்க வாத்து தலைகீழா மிதக்குது?" என்றார் பறவை பார்ப்போர் சங்கச் செயலாளர், பைனாகுலரைத் துடைத்துக்கொண்டே.

ஓய்வுபெற்ற தபால்காரர் அவசரமாக ஏரியைப் பார்த்தார். நேற்றுப் படகுக்காரர் செதுக்கி, சாயம் பூசி, ஏரி நடுவே கயிற்றில் கட்டிவிட்டு வந்த மரவாத்து அது. படம்கூடக் கேட்காமல் அச்சு அசலாகச் செய்து கொடுத்த மனிதர், அடியில் கல் கட்ட மறந்துவிட்டார்.

"இரை தேடுது சார்."

காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போனது. குளிரில் செயலாளரின் பற்கள் தாளம் போட்டன.

"பத்து நிமிஷமாவா தேடுது?"

"நல்ல பசி போல."

தபால்காரருக்குப் பொய் சொல்ல நாக்கு கூசியது. போன குளிர்காலத்தில் இதே ஏரியில், அழிந்தே போய்விட்டதென்று எல்லோரும் சொல்லும் செந்தலை வாத்தைத் தன் கண்ணாலேயே பார்த்தவர் அவர். நாற்பது வருட ஆசை. "நானும் பாத்தேன்" என்று மனைவி சங்கத்தில் சத்தியமே செய்தாள். யாரும் நம்பவில்லை. புளுகுத் தம்பதி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரோடேயே அவள் மழைக்காலத்தில் கண்ணை மூடினாள். இன்று வாத்தைக் காட்டாவிட்டால், பதிவேட்டில் அவள் சாட்சிக் கையெழுத்துப் போட்ட வரியை அடித்துவிடுவார்கள்.

கயிறு அறுந்தது. வாத்து அலையோடு நேரே கரைக்கு வந்து, படிக்கட்டில் டொக் டொக் என்று மோதியது.

"என்ன சத்தம்?"

"என் முழங்கால் சார்."

குனிந்தவர் வாத்தை அள்ளி மழைக்கோட்டுக்குள் திணித்தார். அலகு பொத்தான் சந்தில் எட்டிப் பார்த்தது. கையால் பொத்திக்கொண்டார்.

"வாத்தையும் காணோம். போதும் சார், அடிச்சுடறேன்." செயலாளர் பதிவேட்டைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு பேய்க்காற்று எதிர்க்கரை நாணலைச் சாய்த்தது. செயலாளரின் வாய் பிளந்தது.

"அங்க பாருங்க! செந்தலை!"

நாணலுக்கு நடுவே சிவந்த தலையோடு ஒரு வாத்து ஆடி அசைந்தது. தபால்காரர் அவசரமாக வயிற்றைத் தடவிப் பார்த்தார். மரவாத்து பத்திரமாக இருந்தது. அப்படியானால் அது நிஜம்!

"மன்னிச்சுடுங்க சார். அந்தம்மா பொய் சொல்லலை." செயலாளர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தும்மிக்கொண்டே ஓடினார்.

தபால்காரர் மழையில் நின்று வாய்விட்டு அழுதார். இதைக் கேட்க அவள் இல்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

படகை இழுத்துக் கட்டிவிட்டு வந்த படகுக்காரர், எதிர்க்கரையைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்.

"நீங்க ஒரு தடவையாவது பாக்கணும்னு போன வருஷம் உங்க வீட்டம்மா என்கிட்ட செய்யச் சொன்னது ஐயா. இன்னும் சாயம்கூடப் போகலை, பாத்தீங்களா?"