பைக்காவல் அதிபர்

ஞாயிறு காலை பத்து மணிவரை நான் ஒரு கூட்டணியின் தலைவன். தென்காசியில் அது யாருக்கும் தெரியாது. போனில் ஆடும் 'நாடுகள்' விளையாட்டில், பதினொரு நாடுகள் சேர்ந்த பொதிகைக் கூட்டணி என் கையில் இருந்தது.

அன்று தலைவர் தேர்தல். எதிரி, குளிர்பானக் கடை நாசர். அவனிடம் ஐந்து ஓட்டு. என்னிடம் மூன்று. மீதி மூன்றும் நானே கள்ளத்தனமாகத் தொடங்கிய நாடுகள்: மனைவி யோகலட்சுமி, கொழுந்தியாள் நிர்மலாதேவி, மாமியார் ஆகியோரின் போன்களில். ஆறுக்கு ஐந்து. வெற்றி உறுதி.

சாரல் நேரம். மூவரையும் குற்றாலத்துக்குக் கிளப்பினேன். ஆட்டோவில் போனைத் தடவிக்கொண்டே வந்தார்கள். சீரியல் என்று நினைத்தேன்.

அருவிக்கரையில் யோகலட்சுமி கேட்டாள்.

"நீங்க குளிக்கலையா?"

"சளி பிடிச்சிருக்கு. போனெல்லாம் பையில போட்டுட்டுப் போங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"இருபத்தாறு வருசத்துல இன்னைக்குத்தான் பையைத் தொடுதீக."

"மாப்பிள்ளைக்குத் தங்கமான மனசு" என்றார் மாமியார்.

அவர்கள் பெண்கள் வரிசையில் மறைந்ததும் பையைத் திறந்தேன். மனைவி போனின் பூட்டு எண் எங்கள் கல்யாணத் தேதி. வாழ்நாளில் முதன்முறையாக அதை மனப்பாடம் செய்து வந்திருந்தேன்.

'நீங்கள் ஏற்கெனவே வாக்களித்துவிட்டீர்கள்' என்றது திரை.

அடுத்த போன். அதே வரி. மூன்றாவது. அதே வரி. சாரலிலும் வியர்த்தது.

பத்து மணிக்கு முடிவு வந்தது. எனக்கு மூன்று. யோகலட்சுமிக்கு எட்டு.

நாசரைக் கூப்பிட்டேன். "ஏலே, நீ நிக்கலையா?"

"வாபஸ் வாங்கிட்டேன் அண்ணாச்சி. மதினிதான் பேசினாக. பாதுகாப்பு இலாகா எனக்கு."

ஈரத்தலையோடு யோகலட்சுமி வந்து நின்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு மாசமா எங்க போன்ல 'மக்கள் பட்டினி, மக்கள் பட்டினி'ன்னு மணி அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. நாட்டைத் தொடங்குனா போதுமா? சோறு போடாண்டாமா? நாங்கதான் போட்டோம். அப்படியே பழகிட்டு."

"ஓட்டு எப்போ போட்டீங்க?"

"ஆட்டோ மேலகரம் தாண்டையிலேயே. பக்கத்துலதான உக்காந்திருந்தீக."

மாமியார் பிழிந்த சேலையை என் தோளில் போட்டார். நிர்மலாதேவி துண்டுகளைப் போட்டாள்.

"எனக்கு எந்த இலாகா?" என்றேன்.

"அதான் தோள்ல கெடக்கே" என்றார் புதுத் தலைவர்.