விசிலுக்கு நிற்காத பிரிண்டர்

பெருமதிப்புக்குரிய அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இல்லை. காய்ச்சல், தலைவலி எதுவும் கிடையாது. பயம் மட்டும்தான், ஆனால் சோறு இறங்காத அளவுக்குப் பயம்.

கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். பதினோராம் வகுப்புக்கு அவர் எடுத்துவந்த கம்ப்யூட்டர் புரோகிராமிங் பாடத்தை யார் தலையில் கட்டுவது என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு வந்ததும், எல்லோரும் ஒரே நேரத்தில் நோட்டுத் திருத்த ஆரம்பித்துவிட்டார்கள். பி.டி. வாத்தியாருக்குத் திருத்த நோட்டு ஏது? நான் ஒருவன்தான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், முடிந்தது கதை. முப்பது வருடமாக என் நிழலைக் கண்டாலே வரிசையில் நிற்கும் பிள்ளைகள், அக்கா. எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் எந்த முகத்தோடு மைதானத்துக்குப் போவேன்?

மூன்று வாரம் எப்படியோ ஓட்டினேன். நாளைய பக்கத்தை இன்றே மனப்பாடம் செய்துகொண்டு போய், கம்ப்யூட்டரும் அணிவகுப்பில் நிற்கிற ஆள் மாதிரிதான், சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது என்று ஒரு போடு போட்டேன். யாராவது சந்தேகம் கேட்டால் முன் பெஞ்சுப் பெண்ணிடம் தள்ளிவிடுவேன். விட்டுப்போன கமாவை எட்ட நின்றே கண்டுபிடிப்பதால் அவளுக்கு வகுப்பில் கமா என்றே பேர். வினை வந்தது வியாழக்கிழமை. ஒன்றிலிருந்து பத்து வரை எண்ண வைக்கும் புரோகிராம். செய்து காட்டுகிறேன் பேர்வழி என்று நானே உட்கார்ந்து ஐந்து வரி எழுதி, திரையில் வந்தால் என் கண்ணுக்குத் தெரியாது என்பதால் தாளுக்கு ஒரு எண்ணாகப் பிரிண்டரில் வரும்படி செய்துவிட்டேன். முதல் தாளில் ஒன்று வந்தது. இரண்டாவதிலும் ஒன்று. பத்தாவதிலும் ஒன்றுதான். கமா எழுந்து, "சார், ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கூட்டச் சொல்லலையே. அது பத்தைத் தொடவே தொடாது, ஓடிக்கிட்டே இருக்கும்" என்றாள். எப்படி நிறுத்துவது என்று அவளிடம் கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பழக்க தோஷம், விசிலை எடுத்து ஊதிவிட்டேன். நாற்பது பிள்ளைகளும் விறைத்து நின்றார்கள். பிரிண்டர் நிற்கவில்லை. வராந்தாவுக்கு ஓடி, மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டேன். பள்ளிக்கூடம் முழுக்க மின்விசிறி அடங்கியது.

கால்மணி நேரத்தில் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். உள்ளே போனதும் கதவைச் சாத்தச் சொன்னார், உட்காரச் சொன்னார். அவர் என்னை உட்காரச் சொன்னதே இல்லை.

"சார், நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன்" என்றார். "மார்க் ஏத்திக்கிட்டு இருந்தேன். ஏதோ ஒரு பட்டனைத் தெரியாம அழுத்திட்டேன். ஸ்கூல் பூரா அணைஞ்சு போச்சு. ரெண்டு நாள் வேலை போச்சு சார். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அந்த நிமிடமே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "பாத்துடலாம் மேடம்" என்று மட்டும் வந்தது. சுவிட்சை மறுபடி போட்டுவிட்டு, கமாவைக் கூட்டிவந்தேன். அவள் எதையோ தட்டித் தேடி, கடைசி ஏழு பேருடையதைத் தவிர எல்லா மார்க்கையும் மீட்டுவிட்டாள். பாராட்டு எனக்கு. அடுத்த வருடம் ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் சேர்த்து நானே எடுக்க வேண்டுமாம்.

வெளியே வந்ததும் கமா மெதுவாகச் சொன்னாள்: "மேடம் இனிமே கம்ப்யூட்டரையே தொடப்போறதில்லையாம் சார். நாங்க யாரும் எதுவும் சொல்ல மாட்டோம். நீங்கதான் சொல்லணும்."

இரண்டு நாளாக அந்த அறைவாசல் வரை போய்ப் போய்த் திரும்புகிறேன். என்னால் ஆகாது, அக்கா. நீ வேலை பார்க்கும் இடத்துக் கண் மருத்துவரிடம் சொல்லி, இந்த ஆள் திரையைப் பார்த்தால் பார்வை போய்விடும் என்று ஒரு சர்டிபிகேட் வாங்கி உடனே அனுப்பிவை. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

கலங்கிப்போயிருக்கும்,
உன் தம்பி

பின்குறிப்பு: சர்டிபிகேட் வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் போய்ச் சொல்லிவிட்டேன்; கடிதம் ஒரு வாரமாக அனுப்பாமலே கிடந்தது. தலைமையாசிரியை, "அப்ப நான் எதையும் கெடுக்கலை, இல்ல?" என்று மட்டும் கேட்டார். திங்கட்கிழமை முதல் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்காருகிறார். மற்ற நாற்பது பேரையும்விட அதிகம் கேள்வி கேட்கிறார். நேற்று ஒரு கேள்விக்கு, "தெரியலையே மேடம்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை, அக்கா. தெரியாது என்று நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.