மேகத்துக்குள் போன தாய்மாமன்

விருத்தாசலத்தில் ஒரு மனிதனை முழுசாக இருக்க விடாதவர் என்றால் அது ஃபேடு அண்ணன்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால், எந்தப் படத்தையும் ‘ஃபேடு’ பண்ணாமல், அதாவது ஓரம் கரைத்துப் பின்னணிக்குள் இறக்காமல், எழுந்திருக்க மாட்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். ஊருக்கு அவர் ஃபேடு அண்ணன்.

"வெட்டி ஒட்டுனா அது படமாங்க? எங்க முடியுதுன்னே தெரியக் கூடாது" என்பார்.

பீங்கான் ஊறுகாய் ஜாடிக்கு விளம்பரம் கேட்டு வந்த முதலாளி, மானிட்டரைப் பார்த்து மிரண்டுபோனார்.

"ஜாடிக்கு அடி எங்கய்யா?"

"சூரியன் மறையுதுல்ல, அதுக்குள்ள எறங்கியிருக்குது."

"அடி இல்லாத ஜாடியில எவன்யா ஊறுகா போடுவான்?"

வளைகுடாவுக்குக் கிளம்பிய மங்கலம்பேட்டைக்காரர் ஒருவருடைய பாஸ்போர்ட் படம் திரும்பி வந்தது. முகத்தில் காதுகளைக் காணோமாம். "ஓரம் சாஃப்டா இருக்குது பாருங்க பாய்" என்று அவரிடமே பெருமைப்பட்டவர் இவர்.

இந்த மகானிடம்தான் என் தங்கை, மகளின் காதணி விழா பேனரைக் கொடுத்தாள். நான் தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். அதனால் என் படம் மேலே தனியாக, பெரிதாக வரட்டும் என்று சொல்லியிருக்கிறாள்.

சொன்னது சொன்னபடி வந்தது. மேலே, தனியாக, பெரிதாக, கழுத்துக்குக் கீழே வெள்ளை மேகத்தில் கரைந்தபடி நான் சிரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்துப் பேனர்களில் மேகத்தில் கரைந்திருப்பவர் காலமானவர் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

விழாவன்று காலை வேலை பார்க்கும் ஊரிலிருந்து ரயிலில் வந்து ஜங்ஷனில் இறங்கி மண்டபத்துக்கு வந்தால், வாசலில் தூரத்து மாமா ஒருவர் பேனரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போன வாரங்கூடப் போன் பண்ணுச்சு... நல்ல புள்ள."

"மாமா, நான் இங்கதான் இருக்கேன்" என்றேன். அவர் தோளில் இருந்த துண்டு கீழே விழுந்தது.

உள்ளே நிலைமை இன்னும் மோசம். தங்கையின் மாமியார் தீர்மானமாக நின்றார். "உசுரோட இருக்குற தாய்மாமன மேகத்துல வெச்சிட்டாங்க. பேனரக் கழட்டுனாலும் பாத்தது பாத்ததுதான். இன்னிக்கிக் காது குத்த வேணாம், எல்லாரும் வூட்டுக்குப் போலாம்."

"அண்ணே, உனக்கு லீவு கெடச்சதே பெரிய விஷயம். மறுபடி எப்ப வருவ?" என்று தங்கை விசும்பினாள்.

ஃபேடு அண்ணனை வரவழைத்தோம். அவர் பேனரை அண்ணாந்து பார்த்து, "ஃபேடு நல்லாத்தான வந்திருக்குது?" என்றார். பிறகுதான் தங்கையின் முகத்தைப் பார்த்தார். உடனே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனுஷன் தப்பித்து ஓடிவிட்டார் என்றே நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் மை வாடையோடு ஒரு ஃப்ளெக்ஸ் சுருளைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். ஏணி போட்டு ஏறி, என் படத்துக்குப் பக்கத்தில் அதை ஒட்டினார். அதே மேகம், அதே ஃபேடு. உள்ளே பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஃபேடு அண்ணன்!

"அம்மா, தம்பிக்கு எதுனா வர்றதா இருந்தா மொதல்ல எனக்கு வரட்டும். நான்தான் முன்னால நிக்கிறேன்ல. புள்ளைக்குக் காது குத்துங்கம்மா" என்றார் ஏணியிலிருந்தபடியே.

மாமியார் பேனரையே பார்த்தார். மேகத்துக்குள் இரண்டு தடியர்கள் இளித்துக்கொண்டிருந்தோம். அவர் எவ்வளவு அடக்கியும் சிரிப்பு வெடித்துவிட்டது.

"நல்லா இருக்குதுங்க ரெண்டும்! ஆசாரியக் கூப்பிடுங்க" என்றார்.

குழந்தை என் மடியில் வீரிட்டு அழுதபோது வாசல் பக்கம் பார்த்தேன். ஃபேடு அண்ணன் இன்னும் ஏணியை விட்டு இறங்காமல், எங்கள் இருவர் படமும் சேரும் இடத்தை விரலால் நீவிவிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அண்ணன் என்று யாரும் பிறக்கவில்லை. அந்தக் குறை அன்றோடு போயிற்று.